நின்றதும் நிறுத்தியதும்

பிப்ரவரி 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் என்று தொடங்கியே பழகிய கை இது. இன்று அந்தச் சொல்லை எழுதவும் அழிக்கவுமாக இருக்கிறேன். நீங்களும் பாப்பாவும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

போனில் கூப்பிடாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேச ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. இந்த நாட்டுக்கு நான் கிளம்பிய அன்று "போனா போனதுதான்" என்று சொன்னீர்கள். அதன் பிறகு நம் இருவருக்கும் நடுவில் பாப்பாதான் தபால்காரி. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வதாக அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் இதைக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புகிறேன். தபாலில் வந்த கடிதமாக நினைத்து, பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். கப்பலில் இன்ஜின் பார்த்தவர். எங்களுக்கெல்லாம் அவர் கப்பல்காரர்தான். மாடியில் கடைசி அறை. நடந்தால் கால் தள்ளாடும், ஆனால் தள்ளாடும் என்பது அவருக்கு மறந்துபோகும். நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போகப் பார்ப்பார். கால் மணிக்கு ஒரு தடவை அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கென்று எழுதி வைத்த ஏற்பாடு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. ஒரே மகள். அவர் புகார் கொடுத்திருக்கிறார்.

அன்று மாடி என் பொறுப்பு.

விசாரணை அதிகாரி வந்து என் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். பிறகு தட்டெழுத்தில் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதில் நான் "ஐ ஸ்டாப்டு செக்கிங் ஹிம்" என்று சொன்னதாக இருக்கிறது. எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு உடனே என்னைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, "நீ சொல்ல வந்தது 'ஸ்டாப்டு டு செக்'தானே? வேலைக்கு நடுவுல நின்னு அவரைப் பாத்தேன்னு சொல்ல வந்திருப்பே. இங்கிலீஷ் உன் தாய்மொழி இல்லையே, வாய் தவறியிருக்கும்" என்றார். ஒரு 'டு' வர வேண்டிய இடத்தில் ஒரு 'இங்' வந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார். மொழி தெரிந்த ஆசிரியர் யாராவது ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தால் விசாரணைக் குழு ஏற்றுக்கொள்ளுமாம்.

இல்லாவிட்டால் என் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது. போலீஸ் கேஸாகவும் ஆகலாம் என்று சமையற்கூடத்தில் வேலை செய்யும் என் அறைத்தோழி சொல்கிறாள். பாப்பாவை இங்கே அழைத்துக்கொள்ளப் போட்டிருக்கும் விண்ணப்பமும் அதோடு சரி.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆசிரியர் நீங்கள் ஒருவர்தான். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, விசாரணையில் யாராவது கேட்டால் நான் சொல்கிற மாதிரி எழுதி அனுப்புங்கள். சர்டிபிகேட்டும் வேண்டும். இருபதாம் தேதி விசாரணை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. உங்களைக் கேட்க எனக்கு முகமில்லை என்று தெரியும். முகத்தைப் பார்த்தால் காரியம் ஆகாதே.

பாப்பா அம்மா

*

பிப்ரவரி 11

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது. ஆட்டி ஆட்டியே பாதி வகுப்பை வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகுதான் இங்கே ஒருத்தன் இருப்பது ஞாபகத்துக்கு வருகிறது. போகட்டும். குத்திக்காட்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே குத்திவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. 'பார்க்க நின்றேன்' என்பது ஒன்று, 'பார்ப்பதை நிறுத்தினேன்' என்பது இன்னொன்று. வினையே வேறு. பச்சைக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஸ்டாப்' ஒன்றுதான். அதற்குப் பின்னால் வருவதுதான் அர்த்தத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிறது. 'டு' வந்தால், ஒன்றைச் செய்வதற்காக நின்றேன். 'இங்' வந்தால், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டேன். போன வருஷம் என்னிடம் படித்த டிரைவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் தன் ஒழுக்கத்தைச் சொல்லிக்கொள்வதற்காக, "ஐ ஸ்டாப்டு டு டிரிங்க்" என்றாராம். குடியை விட்டுவிட்டேன் என்று சொல்ல வந்தவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குடித்தேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை.

மற்ற வினைகளுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. 'டு' பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைப் பார்த்து நிற்கும். 'இங்' நடந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ பிடித்துக்கொண்டிருக்கும். விரும்புவது, முடிவு செய்வது, வாக்குக் கொடுப்பது, இதெல்லாம் 'டு' கேட்கும். தவிர்ப்பது, செய்யவில்லை என்று மறுப்பது, செய்தேன் என்று ஒப்புக்கொள்வது, இவை 'இங்' கேட்கும். 'ரிமெம்பர்' இரண்டையும் ஏற்கும். 'டு' போட்டால் மறக்காமல் செய்தேன், 'இங்' போட்டால் செய்தது நினைவிருக்கிறது. மாத்திரை கொடுத்தாயா என்று யாராவது கேட்டால் ஜாக்கிரதை.

ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் சறுக்குவதெல்லாம் அந்த டிரைவர் சறுக்கிய பக்கம்தான். 'இங்' வர வேண்டிய இடத்தில் 'டு' போடுவார்கள். நீ எதிர்ப்பக்கம் சறுக்கியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. அதுவும் நீ. அங்கே போவதற்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டே நான் கேட்டதற்கெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னவள். பயத்தில் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சர்டிபிகேட்டைப் பயிற்சி நிலையத்தின் தாளில் எழுதி, முத்திரை போட்டு, உங்கள் மேலாளருக்கும் விசாரணைக் குழுவுக்கும் நேராக அனுப்பிவிட்டேன். நான் உன் புருஷன் என்று அதில் எழுதவில்லை. எழுதினால் மதிப்பிருக்காது.

சோறு இறங்காவிட்டால் கஞ்சியாவது குடி.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

பிப்ரவரி 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்ததும் மேலாளர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவர் அறையில் எனக்கு ஒத்திகை. "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று அவர் கேட்பார். நான் "ஐ ஸ்டாப்டு டு செக் ஹிம்" என்று சொல்ல வேண்டும். கிளிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டேன். "இவ்வளவு தெளிவா வேண்டாம், கொஞ்சம் திக்கு" என்றார்.

விசாரணை முடிந்ததும் என்னை ஒரு மொழி வகுப்புக்கு அனுப்புவார்களாம். அதோடு முடிந்ததாம். யாருக்கும் வேலை போகாது, இல்லத்துக்கும் கெட்ட பெயர் வராது.

நேற்று கப்பல்காரரின் மகள் அறையைக் காலி செய்ய வந்தார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர், அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். பெட்டியில் சட்டைகளை மடித்து வைக்க நான் கூட நின்றேன். ஒரு சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அன்றைக்கு அவர் விழுவதற்கு முன்னால் யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டார். என் வாயிலிருந்து அந்த வாக்கியம் தானாக வந்தது. திக்கக்கூட இல்லை. அந்த அம்மாள் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டிப் பாத்தீங்களே. அவர் தனியா கெடக்கலையே. அது போதும்மா எனக்கு" என்று சொல்லி அழுதார்.

நான் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டிப் பார்க்கவில்லை. என் முதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலாளர் சொல்கிறார், மேலாளர் என்கிறார் என்றுதான் எழுதியிருப்பேன். நான் சொல்ல வந்தது அது என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. உங்களுக்கு நேராகப் பொய் எழுதக் கை வரவில்லை. அதற்குப் பதில் மேலாளரின் வாயை இரவல் வாங்கிக்கொண்டேன்.

அவர் விழுந்த வாரத்தின் தொடக்கத்தில் பொறுப்பு நர்ஸ் எங்களைக் கூப்பிட்டு, ஆள் குறைந்துவிட்டது, இனி மாடியில் கால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பதை நிறுத்திவிடுங்கள் என்றார். கப்பல்காரரின் நாற்காலியில் ஒரு விரிப்பு போட்டிருக்கிறதாம், அவர் எழுந்தால் கீழே மணி அடிக்குமாம். நான் நிறுத்தினேன். அந்த மணி அடித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எழுந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அப்போதும் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று நானும் யாரையும் கேட்கவில்லை. தேநீர்த் தட்டோடு போனபோதுதான் அவர் ஜன்னலடியில் கிடந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் கிடந்தாரோ. கூப்பிட்டாரோ என்னவோ.

அதிகாரியிடம் நான் சொன்னதில் பிழையே இல்லை. ஸ்டாப்டு செக்கிங். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி சரியாகத்தான் சொன்னேன். 'ஏனென்றால்' என்று அடுத்து ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் குடித்து முடிப்பதற்குள் அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாப்பா அம்மா

*

பிப்ரவரி 16

அம்மா தாயே,

அடுப்பில் பாலை வைத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, பாப்பா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது.

நான் சொல்வதைக் கேள். ஒரு வார்த்தையும் மாற்றாதே. அந்த மேலாளர் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவன் காட்டும் வழி ஒன்றுதான் வழி. பார்க்கச் சொன்னவர்களே பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். நீ கூலிக்கு வேலை செய்பவள். நீயாக எதையும் செய்யவில்லை. இறந்தவர் இனி எழுந்து வரப்போவதில்லை. மகளுக்கும் ஓர் ஆறுதல் கிடைத்துவிட்டது, அதைப் பிடுங்கி நீ என்ன சாதிக்கப் போகிறாய்? இங்கிலீஷ் வராதவள் என்று பெயர் வாங்கினால் உனக்கு எந்தக் கிரீடம் இறங்கிவிடும்? உலகத்தில் பாதிப் பேருக்கு வராது.

பொறுப்பு நர்ஸ் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறாயா? நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று ஒரே வரியில் கைகழுவிவிடுவார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இருக்காது. கடைசியில் நீ ஒருத்திதான் மாட்டிக்கொண்டு நிற்பாய். அந்நிய தேசத்துச் சிறையை நினைத்துப் பார். உனக்கு அங்கே ஒரு நாதி உண்டா?

என் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்தால் பாப்பா உன்னிடம் வந்துவிடுவாள். நீ தோற்றால் அவள் என்னோடு இருப்பாள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும்போது இது என் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் நான் மனுஷனே இல்லை. ஓடியது. ஓடியும் போட்டேன். நிலையத்தின் முத்திரையோடு போட்டேன். நீ இப்போது மாற்றிச் சொன்னால், பொய் சர்டிபிகேட் கொடுத்தவன் என்று என்னையும் வீதியில் நிறுத்துவார்கள். அப்புறம் பாப்பாவுக்கு அம்மாவும் இல்லை, அப்பனும் ஒரு காசுக்கு ஆக மாட்டான்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. போகாதே என்றுகூடக் கேட்கவில்லை, வீம்பில் போனா போனதுதான் என்றுதான் சொன்னேன். இப்போது கைகூப்பிக் கேட்கிறேன். அந்த 'டு'வை விட்டுவிடாதே.

பாப்பா அப்பா

*

பிப்ரவரி 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொன்னபோதுகூட நீங்கள் நிமிர்ந்துதான் நின்றீர்கள். கெஞ்ச வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

விசாரணை முடியும்வரை என்னை மாடிக்கு அனுப்புவதில்லை. துணி வெளுக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் ஓடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, அது ஒரு வகையில் நல்லதுதான். நேற்று பொறுப்பு நர்ஸ் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றார். அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் படுத்த படுக்கை. என் காதருகே குனிந்து, தனக்கும் மேலேயிருந்து சொன்னார்கள், தானாகச் சொல்லவில்லை என்றார். அங்கே அதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் மூட்டையைப் பிரித்துத் துணிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. நானும் அதே ஜாதிதான்.

பாப்பா பெரியவளாகி, அம்மா அங்கே என்ன வேலை செய்தாய் என்று கேட்டால், சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். எனக்கு இப்போது இரண்டு வாக்கியம் தெரியும். ஒன்றைச் சொன்னால் அவளோடு இருக்கலாம். மற்றதைச் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்க ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் படித்தவர்.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

பாப்பா அம்மா

*

பிப்ரவரி 20, காலை

உங்களிடமிருந்து பதிலில்லை. போனும் எடுக்கவில்லை. பாப்பாவின் குரலையாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

நான் மாற்றிச் சொன்னால் உங்கள் பெயரும் கெடும் என்று தெரிந்தேதான் போகிறேன். அங்கே போய் என் வாயில் எது வருமோ எனக்கே தெரியவில்லை. நீங்கள் என்னை வெறுத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பாப்பாவின் தலையைப் பின்னும்போது உச்சியில் இழுத்துப் பிடிக்காதீர்கள், அவளுக்கு வலிக்கும்.

பஸ் வந்துவிடும். கிளம்புகிறேன்.

*

பிப்ரவரி 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த அறையில் நீளமாக ஒரு மேஜை. குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டுதான் ஆளைப் பார்ப்பார். ஒரு பக்கம் மேலாளரும் அவருடைய வக்கீலும் பொறுப்பு நர்ஸும். எதிர்ப்பக்கம் கப்பல்காரரின் மகள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே செத்துப்போயிருக்கலாம் நான்.

வக்கீல் உங்கள் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். மொழி தெரியாத பெண், பயந்திருந்தாள், சொல் மாறிவிட்டது என்று அழகாகப் பேசினார். மேலாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது தலைவி, இதே ஆசிரியரிடமிருந்து நேற்று இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது, அதையும் படித்துவிடலாம் என்றார்.

நீங்கள் எனக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவர் படித்தார். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் இந்தப் பெண்ணின் கணவன், அதை முதல் கடிதத்தில் மறைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். என் மாணவர்கள் 'இங்' வர வேண்டிய இடத்தில் 'டு' சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், 'டு' சொல்ல வந்து 'இங்' சொன்ன ஒருவரையும் நான் அறியேன், என் மனைவி இதில் ஒருநாளும் தவறியதில்லை, அவள் 'ஸ்டாப்டு செக்கிங்' என்று சொல்லியிருந்தால் அவள் சொல்ல வந்ததே அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரியைத் தலைவி நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவள் ஏன் நிறுத்தினாள் என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை, தயவுசெய்து கேளுங்கள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

சொன்னேன். விரிப்பைச் சொன்னேன், மணி அடிக்காததைச் சொன்னேன், அதை நான் யாரிடமும் கேட்காததையும் சொன்னேன். மேலாளர் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றேன். பொறுப்பு நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். தலைவி அவர் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். நர்ஸ் மேலாளரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆமாம் என்றார். யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டதும், மேலாளரைக் கையால் காட்டினார். வாயால் சொல்லவில்லை.

விரிப்பைச் சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இல்லத்தின் மேல் தனியாக விசாரணை வரும். என் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் கேஸ் இல்லை என்று தலைவி சொன்னார். ஆனால் அன்று சாயங்காலமே மேலாளர் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். வேலை இல்லாமல் இங்கே தங்க முடியாது. மாத முடிவுக்குள் கிளம்ப வேண்டும். பாப்பாவின் விண்ணப்பம் தள்ளுபடி.

கப்பல்காரரின் மகள் பஸ் நிறுத்தத்தில் எனக்காக நின்றிருந்தார். என் கையைப் பிடிக்கவில்லை.

"அன்னைக்கு அறையில நீ சொன்னது பொய்."

"ஆமாம்மா" என்றேன்.

"மன்னிக்க எனக்கு மனசு வரல. வரும்னும் தோணல. ஆனா இனிமே யாரை என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய்விட்டார்.

எனக்கு இதில் நிம்மதி என்று எதுவும் இல்லை. மூட்டை கட்டுகிறேன். அறைத்தோழி என் துணிகளை மடித்துக் கொடுக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் நம் வீட்டுக்கு வரட்டுமா, இல்லை என் அண்ணன் வீட்டில் இறங்கிக்கொள்ளட்டுமா? உங்கள் முடிவு எதுவானாலும் மறுபேச்சு பேச மாட்டேன். அந்தக் கடிதத்தை ஏன் எழுதினீர்கள் என்றும் தெரியவில்லை. அதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பா அம்மா

*

பிப்ரவரி 24

பாப்பா அம்மாவுக்கு,

பதினெட்டாம் தேதி உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். அன்று அதே பாடம். கரும்பலகையில் இரண்டு வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, எது சரி என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் கேட்கிற கேள்விதான். பிள்ளைகள் சரிபாதியாகப் பிரிந்து சத்தம் போடுவார்கள். கடைசியில், இலக்கணப்படி ரெண்டுமே சரிதான், என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் எதை எழுதுவது என்று சொல்ல முடியும் என்பேன். அது நானே சொல்லும் பதில், வருஷா வருஷம். அன்று அது வாயில் வரவில்லை. பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து, குழுவுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுபடியும் கெஞ்சித்தான் எழுதியிருப்பேன். போனை எடுத்தாலும் அதுதான் நடந்திருக்கும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பல் அங்கேதான் விழுந்தது.

நிலையத்து முதலாளி முத்திரையைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அதனால் இப்போது வகுப்பு நம் வீட்டு முன்னறையில் நடக்கிறது. பிள்ளைகளில் சிலர் கூடவே வந்துவிட்டார்கள். எத்தனை நாள் வருவார்களோ தெரியாது. வீட்டில் நிலைமை நெருக்கடிதான், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ வருவதைப் பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்டாள். தெரியவில்லை, வந்ததும் நீயே கேள் என்றேன்.

அண்ணன் வீடு எதற்கு? நீ வந்து சேரும் நேரம் எனக்கு வகுப்பு நேரமாக இருக்கும். வாசல் முழுக்க வேற்றுச் செருப்புகளாகக் கிடக்கும். வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிவிடாதே. தாண்டி உள்ளே வா.

பாப்பா அப்பா